முங்கி ஃபிட்டரின் மேல்நடை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து மோசம். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்தது எல்லாம் விறகுதான். வண்டிப்பெரியார் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில், இலையைக் காயவைக்கும் டிரையருக்கு அடுப்பெரிக்கிறேன். பேனாவையும் விறகுக் கட்டை மாதிரியேதான் பிடிக்க வருகிறது. எழுத்தும் அடுக்கு சரிந்த மாதிரிதான் விழுகிறது. ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே சாயலில் பிறந்த அண்ணன் தம்பிகள். யாரை எப்போது கூப்பிட வேண்டும் என்று இன்றுவரை பிடிபடவில்லை. பத்திரிகை ஆபீஸில் இருப்பவர்கள் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள். விஷயம் முழுக்க உண்மை, நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் இடங்களைத் தவிர.

உலகத்தில் எத்தனையோ பேர் நீர்மூழ்கிக் கப்பல் செய்திருக்கிறார்கள். எல்லாரும் அது முங்க வேண்டும் என்றுதான் பாடுபட்டிருப்பார்கள். அது தண்ணீருக்கு மேலே ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காக மீசையில் பாதியையும், நாலு வடையையும், கிட்டத்தட்ட பெண்டாட்டியையும் இழந்த ஒரே மனிதர் எங்கள் முங்கி ஃபிட்டர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இலை உருட்டும் ரோலர் மெஷின் நின்றுபோனால் அவரைக் கூப்பிடுவோம். வந்து, மெஷினில் காதை வைத்துக் கேட்டு, ஒரு இடத்தில் ஒரே ஒரு தட்டு தட்டுவார். அது இருமிவிட்டு ஓடும். இப்படி நன்றாக இருந்த மனிதர் ஒருநாள் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். எங்கோ வெளிநாட்டில் ஒரு தாத்தா, ரிமோட்டை வைத்துக்கொண்டு சின்ன நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் குளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றோடு ஃபிட்டர் கெட்டார்.

நாலு இஞ்சு பி.வி.சி. பைப்தான் கப்பலின் உடம்பு. மேலே நிற்கும் கூண்டு ஒரு பவுடர் டப்பா. வயிற்றுக்குள் மாட்டுக்கு ஊசி போடுகிற பெரிய சிரிஞ்சு. ஒரு சின்ன மோட்டார் அதன் தண்டை இழுத்தால் தண்ணீர் உள்ளே வரும், கப்பல் முங்கும். தள்ளினால் தண்ணீர் வெளியே போகும், கப்பல் மிதக்கும். இந்தக் காலத்து ரிமோட்டின் அலை தண்ணீருக்குள் போகாதாம். அதனால் நீண்ட ஏரியல் வைத்த பழைய ரிமோட் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்தார். அந்த ஏரியலை முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டு அவர் நிற்கும்போது, இடி இடித்தால் நான் நாலடி தள்ளித்தான் நிற்பேன். உள்ளே வயருக்குப் பற்றுவைக்கும்போது சூட்டுக் கம்பியை மூக்குக்கு நேரே பிடித்து யோசனை செய்ததில்தான் மீசையில் பாதி போனது.

ஃபேக்டரிக்குக் கீழே ஒரு செக்டேம் குளம் உண்டு. முதல் நாள் எஸ்டேட்டே அங்கே கூடிவிட்டது. கப்பல் நடுக்குளத்துக்குப் போய்க் குமிழி விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. "முங்கிருச்சு! முங்கிருச்சு!" என்று எல்லாரும் கை தட்டினார்கள். பெயர் வந்தது அப்படித்தான். ஃபிட்டர் ஒருத்தர் மட்டும் இழவு விழுந்த மாதிரி நின்றார்.

"முங்குறதுக்கு என்னடா இருக்கு? கல்லும்தான் முங்குது. மேல வந்து எப்படி நடக்குதுன்னு பாருங்கடா!"

பார்த்தோம். மேலே வந்த கப்பல் இடது பக்கம் சாய்ந்தது. வேகம் கொடுத்தால் மூக்கைத் தண்ணீருக்குள் குத்தியது. திரும்பச் சொன்னால் கேட்காத காது மாதிரி நேரே போனது. அது முழுதாகத் திரும்ப வேண்டுமானால் பெரியாறு அணை அளவுக்குத் தண்ணீர் வேண்டும். எங்கள் குளத்தில் பாதி திரும்புவதற்குள் எதிர்க்கரை வந்து முட்டிக்கொண்டது. அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா, அதன் முதுகிலும் இரண்டு அடி சேர்த்து அடித்தாள்.

"மேல்நடை சரியில்ல," என்றார் ஃபிட்டர். அந்த வார்த்தை அவரே உண்டாக்கியது. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் மேல்நடைதான். சாப்பிட்டாச்சாண்ணே? மேல்நடை பார்த்துட்டுத்தான் சாப்பாடு. கோயிலுக்கு வரலையாண்ணே? மேல்நடை சரியாகட்டும். 

புதிதாக வந்த மலையாளி ஃபீல்டு ஆபீசர், 'முங்கி ஃபிட்டர்' என்ற பெயரைக் கேட்டதுமே முகம் சுளித்தார். மலையாளத்தில் 'முங்கி' என்றால் வேலைக்கு வராமல் ஏய்த்துவிட்டு ஓடினவன் என்றும் அர்த்தம்.

"எந்தா, இயாளு ஸ்திரமா முங்குமோ?" இந்த ஆள் வழக்கமாகவே ஓடிவிடுவாரா என்று கேட்கிறார்.

"இல்ல சார்," என்றார் சூப்பர்வைசர். "ஞாயித்துக்கிழமை மட்டும்தான் முங்குவாரு."

முதலில் சாய்வைப் பிடித்தார். பாரம் மேலே இருப்பதுதான் கோளாறா என்று கண்டுபிடிக்கத் தன்னையே கப்பலாக்கினார். மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சரிவில் நடந்து பார்த்தார். தேயிலைச் செடிக்குள் விழுந்தார். பிறகு குண்டுகளைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நடந்தார், நின்றார். அது பிடித்துப்போய் ஒரு கல்யாணத்துக்கும் அப்படியே வந்துவிட்டார். மணமேடைப் படியில் 'தொம் தொம்' என்று ஏறியதைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் ஏதோ கடுமையான வேண்டுதல் போலிருக்கிறது என்று எழுந்து வழிவிட்டார்கள். மறுநாள் அந்த ஈயம் எல்லாம் கப்பலின் அடிவயிற்றுக்குப் போனது.

அடுத்தது, முங்கி எழுந்ததும், கப்பல் சாயலுக்காகப் பைப்புக்கு மேலே வைத்த மேல்மூடிக்குள் தண்ணீர் தேங்கிக் கப்பல் தள்ளாடும் கோளாறு. ஒருநாள் அவருடைய மனைவி புஷ்பம் மதினி வடை சுட்டுக்கொண்டிருந்தார். கொழுந்து எடுக்கப் போய்வந்த களைப்போடு, எனக்கும் சேர்த்துத்தான் சுட்டார். ஜல்லிக் கரண்டியில் நாலு வடையை அள்ளித் தூக்கினார். எண்ணெய் கண் இமைக்கும் நேரத்தில் வடிந்தது. ஃபிட்டர் துள்ளி எழுந்தார்.

"புள்ள, இதேதான்!"

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு குளத்துக்கு ஓடினார், வடையோடு. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து நாய்கள் மூன்றும் பின்னால் ஓடின. மேல்மூடி முழுக்க ஓட்டை விழுந்த கதை இது. ஒரு வடை குளத்தில் விழுந்து, அதைப் பிடிக்க ஒரு நாய் குதித்து, அது மூக்கை ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டே நீந்தியதைப் பார்த்து, கப்பலின் மூக்குப் பக்கம் நீட்டியிருந்த சிறகையும் அதே அளவுக்குத் தூக்கிவைத்தார். மூக்குக் குத்துவதும் நின்றது. ஒரே ஈட்டு வடையில் இரண்டு கோளாறு தீர்ந்தது. எனக்குத்தான் வடை இல்லை.

மிச்சம் இருந்தது திரும்புவது. இதற்காகக் குமுளி போகும் அரசு பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு கேட்டபடியே போனார்.

"சேட்டா, இப்ப ஒடிப்பீங்களா? இப்பவா? ஒடிச்சப்புறம் மிதிப்பீங்களா, மிதிச்சுட்டு ஒடிப்பீங்களா?"

"ஆதியம் நிங்ஙள் எறங்ஙு," என்றார் டிரைவர். முதலில் நீ இறங்கு என்று அர்த்தம். நடுக்காட்டில் இறக்கிவிட்டார். நடந்து வந்தவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "அடுப்பு, வளைவுக்கு முன்னாடி வேகத்தக் கொறைக்கிறான், பாதி வளைஞ்சதும் கூட்டுறான்!" என்னை அவர் அடுப்பு என்றுதான் கூப்பிடுவார்.

ஆனால் வால் சின்னது. திருப்பும் சுக்கான் பலகை பெரிதாக இருந்தால்தான் தண்ணீரைப் பிடிக்கும். பெரிதாக வைத்தால், அவர் பார்த்து வைத்திருந்த நிஜக் கப்பல் படத்தோடு ஒத்துப்போகாது. "ஒரிஜினல்ல இல்லாதது என் கப்பல்ல தெரியப்படாது," என்றார். தெரியாமல் பெரிதாக்குவது எப்படி? கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற பலகை வைத்தால் தண்ணீருக்குள் யார் கண்ணுக்கும் தெரியாது. தண்ணீர் பாட்டிலை வெட்டி ஒட்டினார், மடங்கியது. பழைய கேசட் டப்பாவை வெட்டினார், உடைந்தது.

அப்போதுதான் அவர் கண் சுவருக்குப் போனது. அங்கே அவருடைய கல்யாணப் போட்டோ தொங்கியது. மலைக்குக் கீழே கம்பம் டவுனில் சட்டம் போட்டது. மலைப்பாதையில் ஜீப் குலுக்கலில் கண்ணாடி தாங்காது என்று, கண்ணாடி போலவே தெரியும் கெட்டி பிளாஸ்டிக்கைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பத்து நிமிடம் அதன் முன்னால் நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன். "வேண்டாம்ணே, மதினி கொன்னுபோடுவாக," என்று அழுத்தமாகச் சொன்னேன், மனசுக்குள். எனக்கு வாய்ப்பேச்சு எப்போதும் அங்கேதான் நடக்கும். 

உள்ளங்கை அளவுக்கு ஒரு சதுரம் வெட்டி எடுத்துவிட்டு, போட்டோவை மறுபடி மாட்டினார். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மழைக்காலம் வந்தது. குளம் நிரம்பி வழிந்ததால் கப்பல் பரணில் ஏறியது. எங்கள் ஊர் மழையில் செருப்பு பூக்கும், பெல்ட் பூக்கும், தீப்பெட்டி பூக்கும். 

மழை விட்டதும் மதினி துடைப்பதற்காகப் போட்டோவைக் கழற்றினார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"ஏங்க, இதுல என் பக்கத்துல யாருங்க நிக்குறது?"

"நான்தான் புள்ள."

"மூஞ்சி எங்க?"

பூஞ்சை தின்று ஃபிட்டரின் முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேகம் இருந்தது. மாலை போட்ட மேகம். அவர் பரணைக் கை காட்டினார்.

"கப்பல்ல இருக்கு."

மதினி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கம்பத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு ஜீப் ஏறினார். ஏறும்போது ஒன்று சொன்னார்: "அந்தக் கப்பலுக்கு என்னைக்குத் திரும்பத் தெரியுதோ, அன்னைக்கு நானும் திரும்பி வாரேன்."

இரண்டு வாரம் போனது. ஃபிட்டர் போன் செய்தால் எடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மதினியின் அண்ணன் வந்து துணிப்பெட்டியை எடுத்துப் போகப் போகிறார் என்று தகவல் மட்டும் வந்தது. எங்கள் லயத்தில், பெட்டி போனால் ஆள் போன கணக்குத்தான். ஃபிட்டர் ரோலரில் காதை வைத்தபடி அப்படியே நின்றுவிடுவார். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஷிப்டு முடிந்ததும் குளத்துக்கு ஓடுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கப்பல் முதல் தடவையாகக் கரையில் முட்டாமல் திரும்பியது.

"அடுப்பு, நீ கம்பத்துக்குப் போ. நாலு வார்த்தை சொல்லு, போதும். 'மேல்நடை சரியாயிருச்சு, கப்பல் திரும்புது, வந்து பாரு.'"

வேறு ஆள் கிடைக்காமலா என்னை அனுப்பினார்? மற்றவர்கள் கூட்டிச் சொல்வார்களாம், நான் குறைத்துத்தான் சொல்வேனாம். எவ்வளவு குறைப்பேன் என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் நாலு வார்த்தையையும் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். குமுளி வரைக்கும் எல்லாம் இருந்தது. மலை இறங்க இறங்க, வளைவுக்கு ஒன்றாகக் கழன்று விழுந்தது. கதவைத் திறந்தது மதினியின் அம்மா. பின்னால் மதினி, அண்ணி, பக்கத்து வீட்டு அம்மா என்று வரிசையாகப் பெண்கள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"நடை... சரியாயிருச்சு," என்றேன்.

"நடையா? மருமகனுக்குக் கால்ல என்னய்யா ஆச்சு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். பதற்றத்தில் அது ஆமாம் என்கிற பக்கமாக ஆடிவிட்டது.

"ஆத்தாடி! இப்ப நடக்குறாரா?"

கப்பலைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். "நடக்குது. முன்னாடிதான் ஒரு பக்கமா சாஞ்சுச்சு. ஈயம் கட்டினப்புறம் நிக்குது."

"ஈயமா? எங்க கட்டிருக்கு?"

"அடியில."

மதினி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "திரும்ப முடியுதா?" என்று கேட்டார்.

"முதல்ல முடியல. பிளாஸ்டிக் வச்சாங்க. இப்பத் திரும்புது."

"கால்ல பிளாஸ்டிக் வச்சிருக்காகளாம்டி!" என்று பக்கத்து வீட்டு அம்மா வாயில் அடித்துக்கொண்டார். மதினி அழ ஆரம்பித்தார். எனக்குக் காபி வந்தது. அதைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

"சொல்லிட்டியா?" என்றார் ஃபிட்டர்.

"சொல்லிட்டேன்ணே."

"என்ன சொன்னா?"

"அழுதாங்க."

அவர் முகம் மலர்ந்தது. "கப்பல் மேல அவளுக்கு இம்புட்டுப் பாசம் இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சேடா!"

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்தது. முன்னால் மதினியின் அண்ணன், பின்னால் அம்மா. மதினி மடியில் ஆட்டுக்கால் சூப் வைத்த தூக்குவாளி. கூடவே எலும்புக்குத் தடவும் எண்ணெயும், அக்குளில் வைத்து நடக்கிற கட்டை ஒன்றும். வீடு பூட்டியிருந்தது. ஃபிட்டர் எங்கே என்று கேட்டதற்கு யாரோ சொன்னார்கள்: "டேம் கரையில ஓடிக்கிட்டு இருக்காரு."

"ஓடிக்கிட்டா?"

வந்து பார்த்தார்கள். கப்பலோடு சேர்ந்து கரையில் ஓடிக்கொண்டிருந்தார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு. இரண்டு காலும் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது. பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மனிதனுக்கும் வயிற்றில் ஒரு சிரிஞ்சு இருந்திருந்தால் நான் அந்த நிமிடமே தண்ணீரை இழுத்துக்கொண்டு முங்கியிருப்பேன். இல்லாததால் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

"காலு நல்லாத்தான் இருக்கு போல," என்றார் மதினி.

"காலா? எந்தக் காலு?"

"அண்ணே, பெட்டிய எடுத்துட்டு வாங்க."

அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தார். ஃபிட்டர் நின்ற இடத்திலேயே நின்றார். "பெட்டி வர்றதுக்குள்ள ஒரே ஒரு சுத்து. பார்த்துட்டுப் போ புள்ள."

கப்பலை விட்டார். கப்பல் நேரே போனது. சாயவில்லை, மூக்குக் குத்தவில்லை. வழக்கமாக முட்டிக்கொள்ளும் எதிர்க்கரை நெருங்கியது. வேகத்தைக் குறைத்தார். "ஒடி... ஒடி..." என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கப்பல் விழப்போவது மாதிரி ஒருக்களித்தது. ஈயம் இழுத்து நிறுத்தியது. பாதி வளைந்ததும் வேகத்தைக் கூட்டினார். திரும்பியே விட்டது! துவைக்கிற அக்கா சோப்போடு கை தட்டினாள்.

கரைக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது, சந்தோஷத்திலோ பயத்திலோ, அவர் கட்டைவிரல் ரிமோட்டில் சிரிஞ்சை இழுக்கும் குச்சியில் பட்டுவிட்டது. கப்பல் முங்கியது.

யாரும் கை தட்டவில்லை. எத்தனையோ தடவை முங்கிப் பார்த்த கப்பல்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் குமிழிகளைப் பார்க்க மனசு தாங்கவில்லை. மேட்டில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணன் இறங்கி வருவது தெரிந்தது.

அப்போது பவுடர் டப்பா தலை நீட்டியது. எல்லா ஓட்டையிலும் தண்ணீர் வடை எண்ணெய் மாதிரி சரசரவென்று வடிந்தது. தள்ளாடவில்லை. நேரே நடந்து வந்து மதினியின் காலில் மெதுவாக இடித்து நின்றது.

மதினி குனிந்து அதைத் தூக்கினார். வாலைத் தொட்டுப் பார்த்தார்.

"இதென்ன, கண்ணாடி?"

"நம்ம போட்டோ," என்றார் ஃபிட்டர். "என் மூஞ்சிக்கு மேல இருந்த துண்டு. உன் பக்கம்தான் கீறல் இல்லாம இருந்துச்சு. அதைத்தான் வெட்டப் போனேன். அப்புறம் மழை வருதேன்னு நெனச்சேன். உன் மூஞ்சி கெட்டுப்போயிரும்ல?"

மதினி கப்பலைக் கீழே வைக்கவில்லை. ஒரு கையில் அதை இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் தூக்குவாளியை நீட்டினார்.

"சூப்பு ஆறுது. குடிங்க."

"எனக்குக் காலு நல்லாத்தான புள்ள இருக்கு."

"குடிங்கன்னா குடிங்க."

அண்ணன் பெட்டியோடு வந்து நின்றார். "ஏம்மா, ஜீப்புல ஏத்தவா?"

"வெயில்ல எதுக்குண்ணே அதச் சுமந்துக்கிட்டுத் திரியுறீங்க? கொண்டுபோய் வீட்டுல வைங்க."

கடைசியில் மதினி மரத்துக்குப் பின்னால் வந்தார். மிச்சம் இருந்த சூப்பை மூடியில் ஊற்றி என்னிடம் கொடுத்தார். "நீங்களும் குடிங்க. நாக்குக்கு நல்லது."

இப்போது அவர்கள் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இருக்கிறார்கள். அங்கே ஒரு இரும்புத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. இங்கே ரோலர் நின்றுபோனால் புது ஆள் வந்து புத்தகத்தைப் பார்த்துச் சரிசெய்கிறார். மெஷின் ஓடுகிறது, ஆனால் இருமுவதில்லை. 

போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஃபிட்டர் கப்பலோடு பின்பக்கத்துக் குட்டையில் இருந்தார். அங்கே மேல்நடையைப் பாசி கெடுக்கிறதாம். சுவரில் அதே போட்டோ. சதுரம் வெட்டிய இடத்தில் புதுப் பிளாஸ்டிக் போடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மாவு கேட்டு வந்தவர் அதைப் பார்த்து, "ஏனுங்க அக்கா, உங்க பக்கத்துல நிக்குறது ஆருங்க? மொகமே காணமுங்க?" என்றார்.

மதினி போட்டோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாவை அள்ளிக்கொண்டே சொன்னார்:

"அவரா? முங்கியிருக்காரு. செத்த பொறுங்க, மேல வந்துருவாரு."

எழுதி முடித்தது: ஆனி மாதம் மூன்றாம் ஞாயிறு, அடுப்புக்கு லீவு விட்ட மத்தியானம்.